மனிதரை முன்னிறுத்தும் மேலாண்மை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதன்முறையாகச் சூப்பர்வைசராகவோ டீம் லீடாகவோ மேனேஜராகவோ பொறுப்பேற்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் பாதி, அமெரிக்காவில் இருந்த ஒரு கார் தொழிற்சாலையைச் சுற்றியே வரும். அதே கட்டடம், ஏறக்குறைய அதே ஆட்கள், நிர்வாகம் மட்டும் வேறு என்று இவ்வளவு தெளிவாக ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு இடம் கிடைப்பது அரிது.

மனிதரை முன்னிறுத்தும் மேலாண்மை என்றால் என்ன?

பிறந்த நாளுக்குக் கேக் வெட்டுவது, வருடம் ஒருமுறை டூர் கூட்டிப் போவது, "ஊழியர்களே எங்கள் சொத்து" என்று சுவரில் எழுதி வைப்பது இதெல்லாம் இருக்கட்டும், தப்பில்லை. நான் பார்ப்பது மூன்றே விஷயம். வேலையில் ஏதோ சரியில்லை என்று கடைநிலையில் இருப்பவருக்குத் தெரிந்தால், அவரால் அதைச் சொல்ல முடிகிறதா? சொன்னால் யாராவது வருகிறார்களா? வருகிறவர் முதலில் கேட்பது "என்ன ஆச்சு?" என்றா, "யார் பண்ணினது?" என்றா?

இந்த மூன்றும் மேலாளரின் நல்ல மனசை நம்பி நிற்கக் கூடாது. மனசு திங்கட்கிழமை ஒரு மாதிரி இருக்கும், மாதக் கடைசியில் வேறு மாதிரி இருக்கும். யார் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் நடக்கும்படி ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும். கீழே சொல்லப்போவதெல்லாம் அந்த ஏற்பாட்டைப் பற்றித்தான்.

இது நிஜமாகவே நடந்த இடம் ஏதாவது இருக்கிறதா?

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ஒரு கார் ஆலை இருந்தது. அந்த நிறுவனத்தின் ஆலைகளிலேயே மோசமானது என்று பேர் வாங்கியது அது. எந்த நாளை எடுத்தாலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். சில திங்கட்கிழமைகளில், வண்டிகள் நகர்ந்துகொண்டே பாகம் பாகமாகப் பொருத்தப்படும் லைனை ஓட்டவே ஆள் போதாது. வேலை நேரத்திலேயே குடி நடந்தது. நிர்வாகத்தின் மேல் இருந்த கோபத்தில் கார் கதவுக்குள் காலி பாட்டிலை வைத்து மூடிவிடுவார்கள். வாங்கியவர் வண்டி ஓட்டும்போது உள்ளே லொடலொடவென்று சத்தம் வரும், எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. நிர்வாகத்தின் பக்கம் இருந்த ஒரே சட்டம், என்ன ஆனாலும் லைன் நிற்கக் கூடாது என்பது. பாகம் தப்பாகப் பொருத்தப்பட்டிருந்தால்கூட வண்டி அப்படியே நகர்ந்து போகும். பிறகு வெளியே நிறுத்தி, பிரித்து, சரிசெய்வார்கள். 1982இல் ஆலையை மூடி, ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் டொயோட்டா வந்தது. அமெரிக்க மண்ணில், அமெரிக்கத் தொழிலாளரை வைத்துத் தன் முறை வேலை செய்யுமா என்று அதற்குத் தெரிய வேண்டியிருந்தது. சின்ன கார்களை நன்றாகச் செய்வது எப்படி என்று ஜெனரல் மோட்டார்ஸுக்குத் தெரிய வேண்டியிருந்தது. இருவரும் கூட்டாக அதே ஆலையை மறுபடி திறந்தார்கள். புது ஆலையின் பெயர் நம்மி (NUMMI). 1984 டிசம்பரில் உற்பத்தி தொடங்கியது. பழைய தொழிற்சங்கத்தையே டொயோட்டா ஏற்றுக்கொண்டது; லைனுக்கு எடுத்த தொழிலாளரில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பழைய ஃப்ரீமான்ட் ஆட்கள். ஊரில் யாரும் வேலைக்கு எடுக்கத் தயங்கிய அதே கூட்டம்.

சீக்கிரத்திலேயே வேலைக்கு வராதவர் விகிதம் 20 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காட்டுப் பக்கம் இறங்கியது. ஜப்பானில் உள்ள டொயோட்டா ஆலைக்கு நிகரான தரத்தில் கார்கள் வெளியே வந்தன. இதைப் படிக்கும் ஒவ்வொரு மேலாளரும் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. "என் டீமில் ஆள் சரியில்லை" என்று சொல்லும் முன்பு ஃப்ரீமான்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி என்ன செய்தார்கள்?

முதலில் டீம் லீடர், குரூப் லீடர் என நூற்றுக்கணக்கானோரை ஜப்பானில் உள்ள தக்கவோக்கா ஆலைக்கு அனுப்பி, அங்குள்ள தொழிலாளர் பக்கத்தில் நின்று வேலை செய்ய வைத்தார்கள். மேலாளருக்குத் தனி கேன்டீன், தனி பார்க்கிங் என்பதெல்லாம் போனது. டஜன் கணக்கில் இருந்த வேலை வகைகளை ஒரு சிலவாகக் குறைத்தார்கள். நாலைந்து பேர் கொண்ட சின்னச் சின்ன டீம்கள் வந்தன.

ஆனால் இரண்டு விஷயங்கள் இவற்றைவிடப் பெரியவை. ஒன்று கயிறு; அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது. இன்னொன்று ஸ்டாப்வாட்ச். பழைய நிர்வாகத்தில் ஒரு வேலையை எத்தனை விநாடியில், எந்தக் கையசைவில் முடிக்க வேண்டும் என்று சுமார் 80 இன்ஜினியர்கள் தீர்மானித்தார்கள். தொழிலாளியிடம் கேட்பதே கிடையாது. அவர்கள் வாட்சோடு வந்தாலே தொழிலாளி வேண்டுமென்று மெதுவாகச் செய்வார். போனதும் தன் இஷ்டத்துக்குச் செய்வார். நம்மியில் அந்த வாட்ச் தொழிலாளர் கைக்கே வந்தது. டீம் ஆட்களே ஒருவரை ஒருவர் நேரம் பார்த்து, எது பாதுகாப்பு, எது சுலபம், எது வேகம் என்று பேசி, வேலையின் படிகளைத் தாங்களே எழுதினார்கள். இன்னொரு ஷிஃப்டில் அதே வேலையைச் செய்பவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்தினார்கள்.

வேலை என்னவோ அதே விநாடிக் கணக்கில்தான் அளக்கப்பட்டது. கெடுபிடி குறையவில்லை என்றுகூடச் சொல்லலாம். அளப்பவர் மாறினார், அவ்வளவுதான். அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது, யாரோ எழுதிய விதியைப் பத்து வருடம் பின்பற்றியவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கயிறு எப்படி வேலை செய்தது?

லைனின் மேலே, நிற்பவரின் கைக்கு எட்டும் உயரத்தில் நீளமாக ஒரு கயிறு ஓடும். அன்டோன் கயிறு என்று அதற்குப் பெயர். ஒரு போல்ட் சரியாக உட்காரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அங்கே நிற்பவர் கயிற்றை இழுக்கிறார். மேலே பலகையில் அவர் நிற்கும் இடத்தின் எண்ணில் விளக்கு எரியும், ஒரு பாட்டு மெட்டு ஒலிக்கும். டீம் லீடர் ஓடி வருவார். லைன் உடனே நின்றுவிடாது. அந்த வண்டி அந்த இடத்தைத் தாண்ட ஒரு நிமிடம் போல ஆகும். அதற்குள் இருவரும் சேர்ந்து சரிசெய்துவிட்டால் மறுபடி இழுத்து விளக்கை அணைப்பார்கள், வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். முடியாவிட்டால் மட்டும் லைன் நிற்கும்.

கயிறு தொழிலாளிக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரம் மட்டும் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். அது மேலாளர் எழுதிக் கொடுத்த வாக்குறுதியும்கூட. "நீ கூப்பிட்டால், உன் ஒரு சுற்று வேலை முடிவதற்குள் உதவிக்கு ஆள் வரும்." அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் நாலைந்து பேருக்கு ஒரு டீம் லீடர். நாற்பது பேருக்கு ஒரு லீடரை வைத்துவிட்டு அதே கயிற்றைக் கட்டினால் விளக்கு எரியும், யாரும் வரமாட்டார்கள். நம் அலுவலகங்களில் ஆலோசனைப் பெட்டி தூசி படிந்து கிடப்பதும், வருடாந்திர ஊழியர் சர்வேயை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிப்பதும் இதனால்தான். சொல்ல வழி இருக்கிறது, வர ஆள் இல்லை.

வியாபாரம் படுத்தால் இதெல்லாம் நிற்குமா?

நம்மிக்கு அந்தச் சோதனை 1988இல் வந்தது. அங்கே தயாரான நோவா கார் விற்கவில்லை, ஆலை அதன் திறனைவிட ரொம்பக் கீழே ஓடியது. ஒருவரையும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. லைன் வேகத்தைக் குறைத்து, மிச்சமான ஆட்களைப் பயிற்சிக்கும் வேலை முறைகளைத் திருத்தவும் போட்டார்கள். ஆட்குறைப்புக்கு முன் மேலாளர் சம்பளத்தைக் குறைக்க வேண்டும், வெளியே கொடுத்த வேலையை உள்ளே கொண்டுவர வேண்டும் என்று தொழிற்சங்க ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள்.

என்னைக் கேட்டால் கயிற்றைவிட ஒப்பந்தத்தில் எழுதிய இந்த வாசகம்தான் முக்கியம். வேலையைச் சுருக்கும் யோசனை சொன்னால் தன் வேலையே போய்விடும் என்ற பயம் உள்ள ஒருவர் யோசனை சொல்லவே மாட்டார். அதில் அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

எங்களுடையது ஐ.டி. கம்பெனி. எங்களுக்குக் கயிறு எங்கே?

புதன்கிழமை மீட்டிங்கை நினைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை ரிலீஸ். மேனேஜர் "எல்லாம் ஓகேதானே?" என்கிறார். ஆறு மாதத்துக்கு முன் சேர்ந்த பெண் ஒருத்திக்குப் பணம் திருப்பித் தரும் பகுதியில் ஒரு சந்தேகம் இருக்கிறது. உறுதியாகத் தெரியவில்லை. சொன்னால் "இப்போ சொல்றீங்க?" என்று கேட்பார்கள். சீனியர் ஒருவர் சிரிப்பார். அப்ரைசல் வேறு பக்கத்தில். "ஓகே சார்" என்கிறாள். மைக் மியூட்டுக்குப் போகிறது. கயிறு இருந்தது அந்த இரண்டு விநாடியில்தான், இழுக்க முடியவில்லை.

இதை ஆராய்ந்தவர் ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன். 1990களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் பிழைகளைப் பார்த்தார். நல்ல டீம் குறைவாகப் பிழை செய்யும் என்று எதிர்பார்த்தார். கணக்கைப் பார்த்தால் நல்ல டீம்களில் பிழை அதிகமாகப் பதிவாகியிருந்தது. உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது: அங்கே பிழையை மறைக்காமல் பேசினார்கள், மற்ற வார்டுகளில் மறைத்தார்கள். 1999இல் ஒரு தொழில் நிறுவனத்தின் 51 டீம்களை ஆராய்ந்து, பயமில்லாமல் பேச முடிகிற இந்த நிலையைப் பற்றி, உளவியல் பாதுகாப்பு என்ற பெயரில் ஆய்வுக் கட்டுரை எழுதினார். பின்னாளில் கூகுள் தன் 180 டீம்களை ஆராய்ந்தபோதும், டீமில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட, அவர்கள் பயமில்லாமல் பேச முடிகிறதா என்பதுதான் முன்னால் நின்றது.

ஆகவே உங்கள் கயிறு "எல்லாம் ஓகேவா?" என்ற கேள்வியில் இல்லை. அதற்கு ஒரே பதில்தான் உண்டு. "இந்த ரிலீஸில் உங்களுக்கு ரொம்ப உறுத்துகிற இடம் எது?" என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் ஒன்றாவது சொல்ல வேண்டும் என்று வையுங்கள். ஜூனியரிடமிருந்து தொடங்குங்கள். நீங்கள் கடைசியில் பேசுங்கள்.

கேட்காவிட்டால் அப்படி என்ன ஆகிவிடும்?

பெரும்பாலும் பணம், நேரம், நல்ல ஆட்கள் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். சில சமயம் உயிர் போகும்.

1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலத்தின் ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் இன்ஜினியர்கள், மறுநாள் காலைக் குளிரில் ஏவ வேண்டாம் என்றார்கள். ராக்கெட்டின் மூட்டுகளில் உள்ள ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப்போகும், வாயு கசியும் என்பது அவர்கள் பயம். ராஜர் பாய்ஸ்ஜோலி அவர்களில் ஒருவர். நாசா தரப்பில் அதிருப்தி. தொலைபேசிக் கூட்டத்தின் நடுவே நிறுவனத்தின் மேலதிகாரிகள் தனியாகப் பேசினார்கள். அப்போது இன்ஜினியரிங் தலைவரைப் பார்த்து, இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேனேஜ்மென்ட் தொப்பியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஓர் உயரதிகாரி சொன்னார். முடிவு மாறியது. ஏவிய 73 விநாடியில் விண்கலம் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள்.

அங்கே பேசத் தைரியம் உள்ளவர்கள் இருந்தார்கள், பேசவும் செய்தார்கள். ஊழியர்களுக்குத் தைரியம் வேண்டும் என்று பயிற்சி வகுப்பு நடத்தும் நிறுவனங்கள் இதைக் கவனிக்க வேண்டும். சொல்லப்பட்ட சொல்லுக்கு லைனை நிறுத்தும் வலு இல்லையென்றால், தைரியம் மட்டும் போதாது.

முதலீட்டாளர்கள் இதை ஒத்துக்கொள்வார்களா? லாபம்?

1987இல் அல்கோவா என்ற அலுமினிய நிறுவனத்துக்குப் பால் ஓநீல் தலைவரானார். முதலீட்டாளர் கூட்டத்தில் லாபத்தைப் பற்றிப் பேசாமல் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். கேட்டவர்களில் சிலர் மிரண்டு போனார்கள். அவர் போட்ட விதிகளில் ஒன்று: எங்கே யாருக்குக் காயம் பட்டாலும், அந்தப் பிரிவின் தலைவர் 24 மணி நேரத்துக்குள் தன்னிடம் சொல்ல வேண்டும், மறுபடி நடக்காமல் இருக்க என்ன வழி என்பதோடு. அப்படிச் சொல்ல வேண்டுமென்றால் பிரிவுத் தலைவருக்கு அது முதலில் தெரிய வேண்டும்; அவருக்குத் தெரிய வேண்டுமென்றால் ஃபோர்மேன் உடனே சொல்ல வேண்டும்; ஃபோர்மேனிடம் தொழிலாளி பயப்படாமல் சொல்ல வேண்டும். ஒரே விதியில் கீழிருந்து மேல் வரை பாதை திறந்தது. பின்னாளில் வெளிநாட்டு ஆலை ஒன்றில் தொழிலாளருக்கு நேர்ந்த பாதிப்பை மேலே சொல்லாமல் விட்ட ஒரு மூத்த அதிகாரியை, நல்ல லாபம் காட்டியவர் என்றும் பாராமல் வேலையைவிட்டு அனுப்பினார்.

வேலைக்கு வர முடியாத அளவுக்குக் காயம்படுவோர் 100 பேருக்கு 1.86 என்ற அளவிலிருந்து 0.2 ஆகக் குறைந்தார்கள். அவர் காலத்தில் லாபமும் பல மடங்கு ஏறியது. லாபம் ஏறாமல் போயிருந்தாலும் அவர் செய்தது சரிதான் என்பது என் கருத்து.

வேலையே செய்யாத ஆளை என்ன செய்வது?

நேராகச் சொல்லுங்கள், தனியாகச் சொல்லுங்கள், சீக்கிரம் சொல்லுங்கள். ஆறு மாதம் இனிக்க இனிக்கப் பேசிவிட்டு அப்ரைசலில் கழுத்தை அறுப்பதைவிடப் பெரிய அவமரியாதை இல்லை. முதலில் அவருக்கு வேலை சொல்லிக் கொடுக்கப்பட்டதா, கருவி இருந்ததா என்று பாருங்கள். அதற்குப் பிறகும் நகரவில்லை என்றால் முடிவெடுங்கள்.

நம்மியில் குறையே இல்லையா?

இருந்தது. 1988லேயே அமெரிக்கத் தொழிற்சங்க எழுத்தாளர்கள் இதை "அழுத்தத்தால் நடத்தும் மேலாண்மை" என்று விமர்சித்தார்கள். ஒவ்வொரு நிமிடத்திலும் ஏறக்குறைய எல்லா விநாடியும் வேலை; மூச்சுவிட இடைவெளி இல்லை என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. 1993இல் புது மாடல் காரை அவசரமாக லைனில் ஏற்றியபோது கை, முதுகு வலி புகார்கள் ஏறின. கலிஃபோர்னியா மாநிலத்தின் தொழில் பாதுகாப்புத் துறை ஆலைமேல் நடவடிக்கை எடுத்தது. பிறகு அடுத்த மாடலுக்கு முன்பே தொழிலாளரை உட்காரவைத்துத் திட்டமிட்டார்கள். கயிறு இருந்த இடத்தில்கூட, அவசரம் வந்தால் உடம்பு சொல்வதைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

ஜெனரல் மோட்டார்ஸ் இதைத் தன் மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோவதிலும் திணறியது. அதே மாநிலத்தில் வான் நைஸ் ஆலையில் முயன்றார்கள். மேலாளர்கள் தங்கள் அதிகாரத்தை விடத் தயாராக இல்லை, தொழிலாளருக்கு நம்பிக்கை வரவில்லை. 1992இல் அந்த ஆலை மூடப்பட்டது. நம்மியிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் 2009இல் விலகியது, டொயோட்டாவும் கைவிட, 2010 ஏப்ரல் 1 அன்று கடைசி கார் வெளியே வந்தது. கட்டடம் டெஸ்லா கைக்குப் போனது. நல்ல ஏற்பாடு இருந்தால் ஆலை என்றைக்கும் மூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நம் ஊருக்கு இது ஒத்து வருமா? இங்கே "சார்" சொன்னால்தானே வேலை நடக்கும்?

டொயோட்டாவுக்குப் பின்னால் இருக்கும் தர மேலாண்மைச் சிந்தனை இங்கே வந்து ரொம்ப காலம் ஆகிவிட்டது. ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசைச் சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998லேயே வாங்கியது. இந்தியாவில் முதல் முறை. டி.வி.எஸ். மோட்டார் 2002இல் வாங்கியது. ஆகவே "நம் ஆளுங்களுக்கு இது சரிப்படாது" என்பது வெறும் சாக்கு.

உண்மையான தடை வேறு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் லைனில் நிற்பவர்களில் பலர் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள், ட்ரெய்னிகள், அப்ரென்டிஸ்கள். சீருடையின் நிறத்தைப் பார்த்தே யார் பர்மனென்ட், யார் கான்ட்ராக்ட் என்று சொல்லிவிடலாம். அடுத்த மாதம் கேட் பாஸ் புதுப்பிக்கப்படுமா என்று தெரியாத ஒரு பையன் கயிற்றை இழுப்பான் என்று எதிர்பார்ப்பது எப்படி நியாயம்? அவன் இழுக்கவில்லை என்பதற்காக அவனுக்கே வகுப்பெடுப்பது அதைவிட மோசம். மனிதரை முன்னிறுத்துகிறோம் என்று சொல்லும் நிறுவனம் முதலில் பதில் சொல்ல வேண்டிய இடம் இதுதான்.

"சார்" ஒரு பிரச்சினையே இல்லை. "சார், இது தப்பு" என்று சொல்ல முடிந்தால் போதும்.

நான் சாதாரண டீம் லீடர். மேலே யாரும் மாறவில்லை. நான் என்ன செய்ய முடியும்?

உங்கள் ஏழெட்டுப் பேருக்கு நீங்கள்தான் கம்பெனி. முதல் கெட்ட செய்தி வரும் நாளுக்குத் தயாராக இருங்கள். அன்றைக்கு உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதை எல்லோரும் பார்ப்பார்கள், அது சுளித்துவிட்டால் அதற்குப் பிறகு என்ன சொன்னாலும் எடுபடாது. "சொன்னதுக்கு நன்றி, என்ன நடந்ததுன்னு காட்டுங்க" என்று ஆரம்பியுங்கள். மேலே போய் அந்தச் செய்தியைச் சொல்லும்போது, உங்களிடம் அதைச் சொன்னவர் பெயரைச் சொல்லாமல் "நாங்கள் கண்டுபிடித்தோம்" என்று சொல்லுங்கள். பாராட்டு வரும்போது மட்டும் பெயரைச் சொல்லுங்கள்.

பதில் தருவதற்கு ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் என்று வையுங்கள். முடியாது என்பதும் பதில்தான், காரணத்தோடு சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள். "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு மறந்துபோவதைத்தான் யாரும் மன்னிப்பதில்லை.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு?

அதே விதிதான். ஆனால் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் வசதி இல்லாததால் நீங்கள்தான் முதலில் கூப்பிட வேண்டும். ஸ்டேட்டஸ் கேட்காத பதினைந்து நிமிட அழைப்பு, வாரம் ஒன்று. ஸ்கிரீனைக் கண்காணிக்கும் மென்பொருளைப் போட்டுவிட்டு "மனசுவிட்டுப் பேசுங்கள்" என்று கேட்காதீர்கள்.

சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

புகார் குறைந்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம். டொயோட்டா ஆலைகளில் கயிறு ஒரே நாளில் பல தடவை இழுக்கப்படுவது இயல்பு. யாருமே இழுக்காத நாள்தான் மேலாளருக்குச் சந்தேகம் தர வேண்டும். ஒரு நோட்டில் கடந்த மூன்று மாதத்தில் உங்கள் டீமுக்கு வந்த கெட்ட செய்திகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதை உங்களுக்கு முதலில் சொன்னது உங்கள் டீம் ஆளா, வாடிக்கையாளரா, உங்கள் மேலதிகாரியா என்று குறியுங்கள். வெளியிலிருந்து வந்தவை அதிகம் என்றால், உள்ளே யாருக்கோ அது முன்பே தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஆளோடு தனியாக உட்கார்ந்து, யார் மேலும் பழி போடாமல், "அப்போ சொல்ல விடாமல் எது தடுத்தது?" என்று கேளுங்கள். பதில் உங்களைப் பற்றியதாக இருந்தாலும் குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.